தாய்மார் கூட்டத்தில் கதைக்கு அரை மணி நேரம்: குழந்தைகள் வளர்ச்சித் திட்ட இயக்குநருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். ஒட்டன்சத்திரத்தில் ஒரு காய்கறி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். எனக்கு நாலு வயதில் ஒரு மகள். எங்கள் ஊர் அங்கன்வாடிக்குத்தான் போகிறாள். மனைவிக்கு நூல் மில்லில் பகல் ஷிப்ட். மண்டி வேலை மதியத்துக்கு மேல்தான் சூடு பிடிக்கும் என்பதால், மாதாமாதம் நடக்கும் தாய்மார் கூட்டத்துக்கு வீட்டிலிருந்து போவது நான்தான். இருபது முப்பது பெண்கள் நடுவே ஒற்றை ஆம்பளையாகச் சுவரோரம் உட்கார்ந்து கேட்டுவிட்டு வருவேன். அங்கே பார்த்ததை வைத்துத்தான் இந்த மடல்.

கேட்க வந்தது ஒன்றுதான். அந்தக் கூட்டத்தில் அரை மணி நேரத்தைக் கதைக்குக் கொடுங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, வீட்டில் ராத்திரி சொல்லக்கூடிய ஒரு கதையைச் சொல்லி அனுப்புங்கள். கை கழுவுவது, பல் துலக்குவது, கீரை தின்பது, நேரத்துக்குத் தூங்குவது என்று மையத்தின் சுவரில் எழுதிப்போட்டிருக்கும் அத்தனையும் எங்கள் வீட்டுக்குள் வர எனக்குத் தெரிந்து வேறு நல்ல வழி இல்லை.

துறை எதுவும் செய்யவில்லை என்று நான் சொன்னால் அது நன்றிகெட்ட பேச்சு. 1975 காந்தி ஜெயந்தி அன்று நாடு முழுக்க 33 வட்டாரங்களில் தொடங்கிய திட்டம், இன்று தமிழ்நாட்டில் மட்டும் 54,000க்கும் மேற்பட்ட மையங்களாக நிற்கிறது. 1982இல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவைச் சாப்பிட்டு வளர்ந்தவன் நான். என் மகளுக்கு முட்டை கிடைக்கிறது, சத்துமாவு கிடைத்தது, எடையும் உயரமும் பார்த்து எழுதுகிறார்கள். இவ்வளவுக்குப் பிறகும், 2019–21இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 25 சதவீதம் பேருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை உள்ளவர்களில் 57.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. அதற்கு முந்தைய ஆய்வில் இருந்ததைவிட இது கூடுதல். இதற்குக் காரணம் பல உண்டு, வறுமை முதல் தண்ணீர் வரை. கதை சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. ஆனால் மையத்தில் பிள்ளை ஒரு வேளைதான் சாப்பிடுகிறது. மீதி வேளையும் ஞாயிற்றுக்கிழமையும் எங்கள் கையில் இருக்கிறது. அந்தப் பக்கம் துறையின் கண் அவ்வளவாகப் போகவில்லை.

சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் எந்த ஊர்த் தெருவிலும் ஒரு நடை நடந்து பாருங்கள். ஒரு வீட்டில் செல்போன் பாட்டு ஓடும், பிள்ளை திரையைப் பார்த்தபடி வாயைத் திறக்கும், சோறு உள்ளே போகும். என்ன தின்கிறோம், வயிறு நிறைந்ததா என்று எதுவும் அதற்குத் தெரியாது. அடுத்த வீட்டில் மிரட்டல். "சாப்பிடலேன்னா பூச்சாண்டி வந்து பிடிச்சிட்டுப் போயிடுவான்." அதற்கும் மசியவில்லை என்றால், "இரு, ஊசி போடுற நர்ஸம்மாகிட்ட சொல்றேன்." அதற்கடுத்த வீட்டில், "உங்கப்பா வரட்டும் இன்னைக்கு."

இந்த நர்ஸம்மா மிரட்டலைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். கிராம சுகாதார செவிலியர் தடுப்பூசிப் பெட்டியோடு மையத்துக்கு வருகிற அன்று நான் இருந்திருக்கிறேன். அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் பிள்ளைகள் கதவுக்குப் பின்னாலும் அரிசி மூட்டைக்குப் பின்னாலும் ஒளிகிறார்கள். இரண்டு பேர் கையைப் பிடிக்க, ஒருவர் காலைப் பிடிக்க, அலறல் தெருமுனை வரைக்கும் கேட்கும். ஊசி ஒரு நொடி வலிக்கும், அது உண்மை. மீதி அலறல் முழுக்க நாங்கள் வீட்டில் வருஷக்கணக்காக ஊட்டிவிட்ட பயம். பிள்ளைக்கு நல்லது செய்ய வீடு தேடி வருகிற ஆளைப் பூச்சாண்டி ஆக்கி வைத்திருக்கிறோம். இந்தப் பிள்ளை நாளைக்குப் பல் வலிக்கிறது என்று வாயைத் திறந்து காட்டுமா?

"கீரை சாப்பிட்டா செவப்பாயிடுவே" என்பது இன்னொன்று. கறுப்பாக இருப்பது ஏதோ நோய் என்று மூன்று வயதிலேயே காதில் ஓதிவிடுகிறோம்.

இதையெல்லாம் செய்கிற அம்மாக்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. மில்லில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து, தண்ணீர் பிடித்து, உலை வைத்து, பாத்திரம் கழுவுகிறவளுக்குப் பிள்ளை ஒவ்வொரு வாய்க்கும் ஓடினால் பூச்சாண்டிதான் கைக்குக் கிடைப்பான். கூட்டத்தில் "பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போது செல்போன் கொடுக்காதீர்கள்" என்று படித்துக் காட்டுகிறார்கள். சரி, கொடுக்கவில்லை. அப்புறம் என்ன செய்வது? அந்தக் கேள்விக்கு அந்தத் தாளில் பதில் இல்லை.

எங்கள் மையத்து டீச்சருக்கு அதற்குப் பதில் தெரிந்திருந்தது. யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததாகத் தெரியவில்லை. ஒரு நாள் கூட்டம் முடிந்து தாய்மார்கள் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த நேரம், பிள்ளைகள் நச்சரிக்கவே டீச்சர் ஒரு ஆட்டுக்குட்டிக் கதையை எடுத்துவிட்டார். கறுப்பி என்று ஒரு குட்டி. அதன் அம்மா ஆடு முருங்கைக்கிளையைக் கடித்துக்கொண்டிருக்கிறது. கறுப்பி கிட்டே போகிறது. மூக்கை நீட்டுகிறது. "மோந்து பாத்துச்சு... ம்ஹூம்... வேண்டாம்னு ஓடிப்போச்சு." உடனே ஒரு பையன் எழுந்து, "டீச்சர், ஆடு முருங்கை திங்குமே!" என்றான். எங்கள் பக்கம் முருங்கைக்காடும் ஆடும் இல்லாத பிள்ளை கிடையாது, அவனை ஏய்க்க முடியாது. டீச்சர் சளைக்கவில்லை. "இது குட்டிடா. இப்பத்தான் பால்குடி மறந்திருக்கு." அவன் ஒத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

கதையில் மறுநாளும் கறுப்பி வந்தது. மோந்து பார்த்தது. இந்தத் தடவை, "ம்ஹூம், வேண்டாம்னு" என்பதை டீச்சர் ஆரம்பிக்க, "ஓடிப்போச்சு!" என்று பிள்ளைகளே முடித்தார்கள். அதற்கு மறுநாள் நாக்கால் ஒரு நக்கு. ஓடிப்போச்சு. அப்புறம் நுனிப்பல்லில் ஒரு இலை. துப்பிப்போட்டு ஓடிப்போச்சு. இப்படியே போய், ஒரு நாள் குட்டி ஓடாமல் நின்று இரண்டு இலை மென்றது. அவ்வளவுதான் கதை. அம்மா ஆடு கடைசி வரைக்கும் குட்டியைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது பாட்டுக்குத் தின்றுகொண்டே இருந்தது. "ஆகவே குழந்தைகளே" என்று டீச்சரும் எதையும் இழுக்கவில்லை.

அன்றைக்குச் சாம்பாரில் முருங்கைக்கீரை கிடந்தது. ஒரு பெண் பிள்ளை தட்டைத் தூக்கி மோந்து பார்த்தது. "ம்ஹூம்" என்று சொல்லிவிட்டு எழுந்து அறையை ஒரு சுற்று ஓடிவந்து மறுபடி உட்கார்ந்தது. கீரையைத் தின்னவில்லை, ஓரமாக ஒதுக்கிவிட்டது. டீச்சரும் ஆயாம்மாவும் கண்டும் காணாத மாதிரி இருந்தார்கள். அங்கேதான் விஷயமே இருக்கிறது. ஒரு புதுச் சுவையைச் சிறு பிள்ளை ஏற்றுக்கொள்ள 8 முதல் 15 தடவை வரைகூடக் கண்ணில் காட்ட வேண்டியிருக்கும் என்று குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். வீட்டில் நாங்கள் இரண்டு தடவை வைத்துப் பார்த்துவிட்டு, "இவ கீரையே தொட மாட்டா" என்று முத்திரை குத்திவிடுகிறோம். இதே விஷயத்தைக் கூட்டத்தில் தாளில் படித்தால் யார் மனதில் நிற்கும்? கறுப்பி கதையைக் கேட்ட அம்மாக்களுக்கு அது நின்றது. நாளைக்கும் வைக்கலாம், திட்ட வேண்டியதில்லை என்பது பிள்ளைக்குச் சொன்ன கதையில் பெரியவர்களுக்கு இருந்த பங்கு.

அந்தக் கதை பிறகு எங்கள் தெருவில் பல வீடுகளுக்குப் போனது. என் அம்மா ஆட்டுக்குட்டியை எருமைக்கன்று ஆக்கிவிட்டார், மகள் அதைக் கடுமையாக ஆட்சேபித்தாள். வேறொரு வீட்டில் குட்டிக்கு அவர்கள் வீட்டு ஆட்டின் பெயரையே வைத்துவிட்டார்கள். என் மகள் ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்கிறாள். பெரியவர்களுக்கு அலுப்புத்தான். ஆனால் பழக்கம் என்பதே திரும்பத் திரும்பச் செய்வதுதானே. ராத்திரி சோறு, பல் துலக்கல், பாய், கதை என்று வரிசை ஒன்று விழுந்துவிட்டால், கதை வேண்டும் என்பதற்காகவே பல் துலக்க வந்து நிற்கிறாள். ராத்திரிப் பல் துலக்கல் எங்கள் ஊரில் பெரியவர்களுக்கே பழக்கமில்லை. மகளுக்குப் பட்டாணி அளவு பேஸ்ட், மூன்று வயதுக்குள் என்றால் அரிசி மணி அளவு. இதையும் யாரோ கதையில் ஒரு எலிக்குட்டிக்குச் செய்து காட்டினால் மறக்காது.

இந்த இடத்தில் துறைக்கு ஒரு வேண்டுகோள். கதை என்று சொன்னதும் "நற்பழக்கக் கதைகள்" என்று அட்டை போட்டு ஒரு புத்தகம் அச்சடித்துவிடாதீர்கள். அந்த வகைக் கதை எப்படி இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். ஒருவன் அம்மா சொல்வதைக் கேட்கவில்லை, கை கழுவாமல் தின்றான், வயிற்றுவலி வந்தது, அழுதான், திருந்தினான். பிள்ளைகள் இரண்டாவது வரியிலேயே நெளிய ஆரம்பித்துவிடுவார்கள். அதைவிடக் கெட்டது, நோய் வருவது தப்புச் செய்ததற்குத் தண்டனை என்று அது பிஞ்சு மனதில் போட்டுவைக்கிறது. மூச்சிளைப்பு உள்ள பிள்ளையும், பிறவியிலேயே இதயக் கோளாறு உள்ள பிள்ளையும் அதே பாயில் உட்கார்ந்துதான் இதைக் கேட்கின்றன. அவை என்ன தப்புச் செய்தன?

பிள்ளைகளுக்குத் திருந்துகிற பையனைவிட மறக்கிற யானையைப் பிடிக்கும். யானை சேற்றில் விளையாடிவிட்டு வந்து, தும்பிக்கையைக் கழுவ மறந்து, நேராகக் கரும்புக்குப் போகிறது. "ஏய், தும்பிக்கை! தும்பிக்கை!" என்று மொத்தக் கூட்டமும் கத்தும். இப்போது பிள்ளைதான் யானைக்கு டீச்சர். அடுத்த முறை கக்கூஸ் போய்விட்டு வரும்போது தன் கையைத் தானே பார்த்துக்கொள்ளும். சோப்பு போட்டு 20 நொடி தேய்க்க வேண்டும் என்கிறார்களே, நொடி எண்ணத் தெரியாத வயசுக்கு அந்த யானை தும்பிக்கை கழுவும்போது பாடுகிற நாலு வரிப் பாட்டு போதும்.

கதையில் பொய் இருக்கலாம், ஆடு பேசலாம், நிலா இறங்கி வந்து பாயில் படுக்கலாம். உடம்பைப் பற்றி மட்டும் பொய் வேண்டாம். ஊசி போடும் கதை என்றால், "சுருக்குன்னு வலிக்கும், பத்து எண்றதுக்குள்ள குறைஞ்சிடும், அம்மா மடியிலதான் இருப்பே" என்றே வரட்டும். எறும்பு கடித்த மாதிரி என்று ஏமாற்றினால், அடுத்த ஊசிக்கு எந்தக் கதையும் எடுபடாது.

இரும்புச்சத்து சிரப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை வாரத்துக்கு இரண்டு நாள், ஒவ்வொரு தடவையும் 1 மில்லி. பாட்டில் வீட்டுக்கு வருகிறது. இரண்டு தடவை கொடுத்ததும் பிள்ளைக்கு வெளிக்கி கறுப்பாகப் போகும். பயந்துபோய் பாட்டிலை அலமாரி மேலே தூக்கி வைத்துவிடுகிறார்கள், அது அங்கேயே கிடந்து தேதி முடிகிறது. கறுப்பாகப் போவது அந்த மருந்தின் இயல்பு, பயப்பட ஒன்றுமில்லை. வெட்கப்பட்டுக்கொண்டு இதை யாரும் கூட்டத்தில் எழுந்து கேட்பதில்லை. ஆனால் கதையில் ஒரு கன்றுக்குட்டி மருந்து குடித்துவிட்டுக் கறுப்பாகச் சாணி போட்டுவிட்டுத் திரும்பித் தானே பார்த்து ஆச்சரியப்பட்டால், பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். பக்கத்தில் இருக்கும் அப்பத்தாவும் சிரிப்பாள், பாட்டில் கீழே இறங்கும். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் கொடுக்கும் பூச்சி மாத்திரைக்கும் இப்படி ஒன்று வேண்டும். அதை மென்று தின்ன வேண்டும் என்பதுகூடப் பல வீடுகளில் தெரியவில்லை.

தூக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன கணக்குப்படி மூன்று, நாலு வயதுப் பிள்ளைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் வேண்டும், திரை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. போனைப் பிடுங்கினால் அழும். பிடுங்கிய கையோடு கதையை ஆரம்பித்தால் சில நாளில் அழுகை குறைகிறது. விளக்கை அணைத்துவிட்டுச் சொன்னால் இன்னும் சீக்கிரம் தூங்கிப்போகிறார்கள், சொல்கிறவரும்தான்.

வெளிநாட்டு உதாரணம் கேட்டால்தான் கோப்பு நகரும் என்றால், அதுவும் இருக்கிறது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் 1989இல் குழந்தை மருத்துவர்கள், பரிசோதனைக்கு வரும் பிள்ளைகளுக்குப் படப் புத்தகம் ஒன்றைக் கையில் கொடுத்து, அதை எப்படிப் படித்துக் காட்டுவது என்று பெற்றவர்களுக்கும் சொல்லி அனுப்ப ஆரம்பித்தார்கள். 'ரீச் அவுட் அண்ட் ரீட்' என்று அது நாடு முழுக்கப் பரவியது. 2018இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் உலக வங்கியும் சேர்ந்து வெளியிட்ட குழந்தை வளர்ப்புச் சட்டகத்திலும் உடல்நலம், உணவு, பாதுகாப்பு, கற்றல் ஆகியவற்றோடு, பிள்ளையின் குறிப்பறிந்து நடக்கும் அரவணைப்பையும் சமமாக வைத்திருக்கிறார்கள். கதை சொல்கிறபோது இது தன்னால் நடக்கிறது. பிள்ளை கண்ணைப் பார்த்துத்தான் அடுத்த வரி வருகிறது.

இனி நடைமுறை. பெரும்பாலான வீடுகளில் சொல்லும் பதில், "எனக்குக் கதை சொல்லத் தெரியாதுங்க" என்பதுதான். அதனால் கையில் தாள் கொடுத்து அனுப்பினால் வேலைக்காகாது. கூட்டத்தில் டீச்சர் சொல்ல வேண்டும், பிள்ளைகள் இடையில் புகுந்து கெடுக்க வேண்டும், அதைப் பார்த்தால்தான் பெற்றவர்களுக்குக் கூச்சம் போகும். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாயிகள் இதில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள், எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். படம் வேண்டும் என்றால் பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழிலேயே படக் கதைகள் இருக்கின்றன. கட்டணமில்லை, அச்சிட்டுக்கொள்ளவும் தடையில்லை.

சென்னையில் எழுதி எல்லா மாவட்டத்துக்கும் ஒரே கதையை அனுப்ப வேண்டாம். எங்களுக்கு முருங்கையும் ஆடும். தருமபுரிக்குக் கேழ்வரகு, ராமேசுவரத்துக்கு மீன். உங்கள் பணியாளர்களிடமே கேட்டால் வட்டாரத்துக்கு நூறு கதை கிடைக்கும். ஏற்கெனவே 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' பாடத்திட்டத்தில் பிள்ளைகளுக்குக் கதை நேரம் இருக்கிறது. அதில் வீட்டையும் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

ஆனால் டீச்சர்கள் தலையில் இன்னொரு சுமையாக இது இறங்கக் கூடாது. போஷன் டிராக்கர் செயலியில் எடையும் வருகையும் ஏற்றுவதற்கே, நெட் கிடைக்கிற மூலையைத் தேடி அவர்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கிறேன். கதை சொன்னதற்குப் போட்டோ, கேட்டவர் எண்ணிக்கை, மாதாந்திர அறிக்கை என்று கேட்டால் கதை போய் போட்டோ மட்டும்தான் மிஞ்சும். புதிதாக ஒன்றைக் கொடுக்கும்போது பழைய பதிவேடு ஒன்றை எடுத்துவிடுங்கள். சிறந்த கதைசொல்லி போட்டி, சான்றிதழ், மாவட்ட அளவில் முதல் பரிசு, இதெல்லாமும் வேண்டவே வேண்டாம்.

அப்பாக்கள் விஷயம். கூட்டம் வேலை நாளில் பதினொரு மணிக்கு வைத்தால் எந்த அப்பா வருவார்? அழைப்பே தாய்மாருக்குத்தான் போகிறது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாக்களையும் தாத்தாக்களையும் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். டீச்சருக்கும் ஆயாம்மாவுக்கும் அதற்கு ஈடாக வேறொரு நாள் விடுமுறை கட்டாயம் கொடுங்கள். சந்தையில் நாள் முழுக்க வாய் ஓயாமல் விலை பேசுகிற ஆட்கள் நாங்கள், கதை சொல்ல வராது என்று யாரும் நினைக்க வேண்டாம். எத்தனை பேர் வருவார்கள் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. என் மண்டியில் சுமை தூக்கும் மூன்று பேரை நான் கூட்டி வருகிறேன்.

முடிவு எடுப்பதற்கு முன் ஒரு தடவை நேரில் பார்க்க விரும்பினால் எங்கள் பக்கம் எந்த மையத்துக்கும் வாருங்கள். சொல்லாமல் வாருங்கள். சொல்லிவிட்டு வந்தால் கோலம் போட்டு, பொன்னாடை தேடி, பிள்ளைகளுக்கு வரவேற்புப் பாட்டுப் பழக்கவே அவர்களுக்கு ஒரு வாரம் போய்விடும். கறுப்பி கதையைக் கேட்க உங்களுக்கு நேரம் இருக்காது.

இப்படிக்கு,
ஒட்டன்சத்திரம் வட்டாரத்திலிருந்து,
அங்கன்வாடிக் குழந்தை ஒன்றின் தகப்பன்